வட்டச்சாலையில் வலப்புறத்தாருக்கு வழிவிட்டது தொடர்பாக

அனுப்புநர்:
அந்தேனோரே பால்தெல்லி (வயது 84),
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
9, கீழ்க்கோபுரத் தெரு,
காஸ்தெல்ப்ரூனோ, இத்தாலி.

பெறுநர்:
மேயர் எவெலினா தொன்தி அவர்கள்,
நகராட்சி மன்றம், காஸ்தெல்ப்ரூனோ.

பொருள்: நாற்சந்தி நீரூற்றை அகற்றி அமைக்கப்பட்ட வட்டச்சாலையும் (ரவுண்டானா) எனது ஓட்டுநர் உரிமமும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் 1961 டிசம்பர் 6 அன்று உரிமம் பெற்றவன். வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அன்று கற்ற விதி. அதை ஒருநாளும் மீறியதில்லை.

2. 2024 மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று, முதியோர் இல்லத்திலுள்ள என் மனைவி ஒர்ஸோலாவுக்கு மதிய சூப் கொண்டுசென்றேன். வட்டத்துக்குள் இருந்த நான், வலப்புறமிருந்து நுழையவிருந்த ரொட்டி வேனுக்காக நின்றேன். வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்ற புதிய விதிப்படி, வேன் ஓட்டுநர் குயெர்ரினோ எனக்காக நின்றார். ஒருவரையொருவர் கைகாட்டி உபசரித்துக்கொண்டிருந்தோம். வேனுக்குப் பின்னால் சவ ஊர்தி வந்து நின்றது. "சர்வேயரய்யா, சும்மா போங்க. இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா பொணமே எறங்கி நடந்துரும்" என்றார் குயெர்ரினோ. பாதிரியார் வந்து இருவரையும் ஆசீர்வதித்தார், எவரும் நகரவில்லை. இறுதியில் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து நடந்தனர். அவர்களும் வலப்புறமிருந்து வந்தமையால் வழிவிட்டேன்.

3. மே 14 அன்று, உரிமம் தொடர்பாக, மருத்துவக் குழு என்னைப் பரிசோதித்தது. தேதி கேட்டார்கள், அன்றைய புனிதர் மத்தியாவின் பெயரையும் சேர்த்தே சொன்னேன். வந்த வழி கேட்டார்கள். நீரூற்றை ஒட்டி வந்ததாகச் சொன்னேன். அது 2022 இலேயே அகற்றப்பட்டதாம். அதை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்காதது நகராட்சியின் குறை.

4. வட்டச்சாலையை அகற்றக் கோருவதே இம்மனுவின் நோக்கமாக இருந்தது. ஆனால் ஜூன் 4 அன்று, ஒர்ஸோலாவுக்கான சூப்புடன் வட்டத்திலிருந்து வெளியேறி, என் அலுவலக வாசலில் காரை நிறுத்திக் காத்து நின்றேன். அது 2001 முதல் பல்பொருள் அங்காடி. கதவு தானாகத் திறந்துகொண்டே இருந்தது; அலுவலகம் மட்டும் திறக்கவில்லை. சூப் ஆறிப்போயிற்று. நான் போகாமல் ஒர்ஸோலா கரண்டியைத் தொடமாட்டாள். அன்று அவள் மதியம் பட்டினி.

5. ஆகவே உரிமத்தையும் கார் சாவியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். இல்லத்துக்கு நாள்தோறும் ரொட்டி கொண்டுசெல்லும் குயெர்ரினோவின் வேனில் நான் பயணிக்க அனுமதி ஆணை வழங்க வேண்டுகிறேன். "வாங்க, ஆனா சூப்பு சிந்துனா நீங்கதான் தொடைக்கணும்" என்று அவர் சம்மதித்துள்ளார். ஆணையில் ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும்: வட்டத்தில் எவரேனும் கைகாட்டி உபசரித்தால், பதிலுக்கு உபசரிக்காமல் குயெர்ரினோ போய்விட வேண்டும். ஒர்ஸோலா நண்பகலில் சாப்பிடுபவள்.

இடம்: காஸ்தெல்ப்ரூனோ
நாள்: 2024 ஜூன் 7

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
அந்தேனோரே பால்தெல்லி