முருகையாவின் பெயரை வெட்டிய நாள்

12 ஆகஸ்ட் 1969, செவ்வாய். மடுல்சீமை.

இன்று காலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பதுளையில் நடக்கும் போட்டியில் பிரஜாவுரிமை உள்ளவர்கள்தான் ஆடலாம் என்று கடிதம் வந்திருந்தது. இங்கேயே பிறந்தும் பிரஜாவுரிமை கிடைக்காத நான்கு பேரின் பெயர்களைப் பட்டியலில் வெட்டினேன். கோல் காக்கும் முருகையாவும் அதில் ஒருவன். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

சாயந்தரம், ஃபேக்டரியில் புது மெஷின் பூட்ட வந்திருக்கும் ஜெர்மன்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஊரிலும் ஒரு பழைய கழகமாம். சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கியது. போருக்கு முன்னால், யூதர்களை விலக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததாம். அவர்களுடைய கோல்காப்பாளர் ஒரு யூதர்.

"அப்புறம் அவர் என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"தெரியாது. பிற்பாடு கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் அவர் பெயரே இல்லை. அவரை விலக்கிக் கையெழுத்துப் போட்ட செயலாளர் என் அப்பா. நல்ல மனிதர்தான்."

எழுந்து வந்துவிட்டேன்.

வழியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் முருகையா பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், ஞாயித்துக்கெழம லொறி எத்தன மணிக்குங்க?"

"அஞ்சு மணிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலையில் வெட்டிய பட்டியலை எடுத்து வைத்தேன். அந்த நான்கு பேரையும் திரும்பச் சேர்த்தால் கழகத்தையே போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள். தோட்டத்து மேனேஜர் தொரை என் மாஸ்டர் வேலையிலும் கைவைக்கலாம். இருந்தாலும் இப்போதுதான் புதுத் தாள் எடுத்துப் பதினொரு பெயரையும் எழுதி முடித்தேன். முதலில் முருகையா.