ஓப்பலின் வெள்ளை ஷூ

மார்ச் 3, 1953
ஓப்பலுக்கு மறுபடி இருமல். நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் கைதான் சூடாகிவிட்டது. அவள் அப்பா ஹார்லன் நாஷ்வில்லிலிருந்து வந்தார். பாட்டுப் பதிவாகிவிட்டதாம். என்ன பாட்டு என்று சொல்லவில்லை.

மார்ச் 5
பாட்டைக் கேட்டேன். நாலு வயது மகள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். கட்டிலுக்கடியில் அவள் வெள்ளை ஷூ கிடக்கிறது. அப்பன் அழுகிறான். செத்தவள் பெயர் ஓப்பல்.

போன கோடையில் ஓப்பல் கிடந்த போலியோ வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றபோது, பக்கத்தில் நின்றவன் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தானா?

"வேற பேரு மெட்டுல உக்காரல எடித்."

"என் பேரைப் போட்டுச் சாகடிச்சிருக்கலாமே."

"பொண்டாட்டி செத்தா எவன் அழுவான்? புள்ளை செத்தாத்தான் இசைத்தட்டு விக்கும்."

மார்ச் 21
ரேடியோக்காரன் இதை உண்மைக் கதை என்கிறான். ஹார்லன் மறுக்கவில்லை. மாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "காலேஜ் படிச்சியே, பாட்டு வேற நெசம் வேறன்னு அங்க சொல்லித் தரலையா?"

எனக்குத் தூக்கமில்லை. குழந்தை மூச்சுவிடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். இதற்கு அவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏப்ரல் 2
எங்கிருந்தோ ஓர் அம்மாள் பஸ் பிடித்து வந்தாள், துக்க வீட்டுக்கென்று சுட்ட கேக்கோடு. கதவைத் திறந்தது குழந்தை.

"உன் பேரென்ன கண்ணு?"

"ஓப்பல்."

அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். அவளும் ஒன்றைப் பறிகொடுத்தவளாம். "என்னை அழவெச்சு ஏமாத்திட்டாரும்மா." கேக்கை வைத்துவிட்டுப் போனாள். ஓப்பல் ஆசையாய்த் தின்றாள். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 11, சனி
இன்று தட்டு வெளியீடு, கடைத்தெரு இசைத்தட்டுக் கடையில். ஓப்பலுக்குப் பாட்டில் வரும் அந்த வெள்ளை ஷூவையே மாட்டினேன். சின்னதாகிவிட்டது, அழுத்தித்தான் போட்டேன்.

கடை நிறையப் பெண்கள், கையில் கைக்குட்டை. ஹார்லன் நேரில் பாடினான்; பாட்டின் நடுவே பேசும் பகுதி வந்தது. "அந்தச் சின்னக் கால் சத்தம் இனிமே கேக்காது..." என்று அவன் குரல் உடைந்தது. குழந்தையின் கையை விட்டேன்.

டக் டக்கென்று நடந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஷூ கடிக்குதுப்பா."

கிடார் நின்றது. "யாரு பாப்பா நீ?" என்றாள் ஒருத்தி.

"ஓப்பல்."

யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியாகத் தட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்கள். அந்தச் சத்தம்தான் நான் கேட்க விரும்பிய பாட்டு.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். குதிகாலில் கொப்புளம். அதற்கு மட்டும் அழுதேன்.

ஏப்ரல் 13
ஹார்லன் பெட்டியோடு தன் அம்மா வீட்டுக்குப் போனான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி." ஆமாம், போட்டேன். என் மகள்மேல் நீ போட்டதைத்தான் அள்ளினேன்.

மே 9
இருமல் இல்லை.

அக்டோபர் 8
ரேடியோவில் அவன் புதுப் பாட்டு. தாயில்லாத மகளை அப்பன் தனியாய் வளர்க்கிறானாம். இந்த முறை மண்ணுக்குள் இருப்பவள் எடித். பரவாயில்லை, மெட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பக்கத்து ஊரில் வெளியீடு. என் சிவப்புக் கவுனுக்கு இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டேன். முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும்.

ஓப்பல் தூங்குகிறாள். இன்று ஒரு முறைதான் எழுந்து பார்த்தேன்.