கண்ணளவில் எழுதிய மூன்று நாள்

அக்டோபர் 6, திங்கள்

வெள்ளத்தில் பாலம் போய் இன்று ஐந்தாவது நாள். தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. சேறுதான் கணுக்கால் வரை நிற்கிறது. ஆஸ்பத்திரி அக்கரையில், நாங்கள் இக்கரையில்.

காலை எட்டரைக்குள் நான்கு பேரையும் பார்த்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் இவர் 72.4 கிலோ. முனை வீட்டுப் பெரியம்மா 54.0. கடைக்காரர் 80.3. எதிர் மாடித் தையல்காரர் 61.0. நாலு பேருக்கும் இருதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். எடை ஏறினால் நீர் ஏறுகிறது என்று அர்த்தம், அது ஆஸ்பத்திரி சிஸ்டர் போனில் சொல்லிக்கொடுத்தது. இவருக்காக இரண்டு வருடமாக நோட்டில் எழுதிவருகிறேன் என்று தெரிந்ததும் தெருவையே என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் எடை மெஷினையும் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன்.

பிறகு மொட்டை மாடி. அங்கேதான் சிக்னல். போனில் நிரப்பும் படிவம் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்பதுக்கு டாக்டர் உட்கார்ந்து எல்லாத் தெருவையும் பார்க்கிறார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ‘அனுப்பு’ பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கும், எத்தனை தரம் அழுத்தினாலும் அசையாது. எல்லாம் நிரம்பினால்தான் போகும். போனதும் பச்சை டிக் விழும்.

அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபியே இறங்குகிறது.

அக்டோபர் 8, புதன்

சிஸ்டர் கூப்பிட்டார். "அக்கா, ஒரு நாளும் விட்டுப்போகாதது உங்க தெரு ஒண்ணுதான். மத்தவங்களுக்கு உங்களைத்தான் உதாரணமா சொல்றேன்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மற்றதெல்லாம் பொட்டலக் காகிதத்தைப் படித்துப் படித்துக் கற்றது. போனும் அப்படித்தான், தட்டித் தட்டிப் பார்த்து வந்தது. சமையலுக்கு நடுவே சிஸ்டர் சொன்னதை இவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாவது முறை, "சரி, உனக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிடலாம்" என்றார்.

கர்வம் கூடாது என்று பிரார்த்தனையில் கேட்டுக்கொண்டேன். கேட்கும்போதே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

மனசு சரியில்லை.

ஒவ்வொருவரும் மெஷினில் ஏறுமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வது என் வழக்கம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தையல்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தனி ஆள். கீழே இருந்த கடைக்குள் வெள்ளம் புகுந்ததும் தையல் மெஷினோடு மாடிக்கு ஏறியவர். போனும் தண்ணீரில் போய்விட்டது. இன்று கடைக்காரர் பட்டன் தைக்க அங்கே வந்திருந்தார். அவர் முன்னால் கேட்கிறார்:

"கணக்கம்மா, இந்த மெஷின் பேட்டரியில ஓடுதா, பிரார்த்தனையில ஓடுதா?"

கடைக்காரர் சிரித்தார். நான் கிளிப்பை மாட்டினேன். அதோடு விட்டாரா?

"கடவுளுக்கும் தினம் ஒரு பச்சை டிக் அனுப்பிடுறீங்க போல."

61.2 என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். பத்தொன்பது படியும் கண் எரிந்தது. முப்பது வருடமாக ஒரு வேளை விடாமல் கும்பிடுகிறவள். இந்த மனுஷருக்காகவும் சேர்த்துத்தானே வேண்டிக்கொள்கிறேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

முட்டி வலி. எதிர் மாடி ஏறவில்லை.

எட்டு ஐம்பதுக்கு மூன்று பேர் விவரமும் ஏற்றியாகிவிட்டது. தையல்காரர் கட்டங்கள் மட்டும் காலி. பொத்தான் சாம்பல். ஒருத்தருக்காக மூன்று பேருடையது நிற்பதா? நேற்றைய எண்ணைப் பார்த்து 61.3 என்று போட்டேன். கால் வீக்கம்: இல்லை. மாத்திரை: இருக்கிறது. போய்விட்டது.

பெரியம்மா அனுப்பும் சாப்பாட்டுக் கூடையை அவர் ஜன்னலிலிருந்து கயிறு விட்டுத் தூக்கிக்கொண்டதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறார்.

அக்டோபர் 15, புதன்

முட்டி வலி. தையல்காரர் 61.2 என்று போட்டேன். ஒரே எண்ணாகப் போனால் நன்றாக இருக்காது.

மத்தியானம் சிஸ்டர் பேசினார். நாளைக்குப் படகு வருகிறதாம், எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு இடம். டாக்டர் பட்டியலைப் பார்த்து இவருக்குக் கொடுத்திருக்கிறார். இவருக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது, மற்ற மூன்று பேரும் சீராக இருக்கிறார்கள். ஆண்டவன் கண் திறந்தான்.

அக்டோபர் 16, வியாழன்

61.4.

இவர் படகில் போய் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாத மாத்திரையோடு திரும்பினார். முகத்தில் தெளிவு.

எதிர் மாடிக் கூடை இன்று ரொம்ப மெதுவாக ஏறியது. "என்ன, மீனா பிடிக்கிறார்?" என்றார் பெரியம்மா. சிரித்தோம்.

அக்டோபர் 17, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் இதையும் மாற்றிவிடுவேன்.

காலை எட்டு மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டார். கூடை பாதிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுக்க ஆளில்லை. பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். கதவு தாழ்போடாமல் இருந்தது.

துணி வெட்டும் மேஜைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். கால் இரண்டும் — கால் மாதிரியே இல்லை.

மேஜைமேல் சாக்கட்டியால் எழுதியிருந்தது.

14 — 9½
15 — 10
16 — 10¾

அளவு நாடாவைக் கணுக்காலில் சுற்றி அங்குலத்தில் அளந்திருக்கிறார். அதற்குக் கீழே, 'மாத்திரை தீர்ந்தது — கணக்கம்மாவிடம் சொல்ல.'

"நீங்க வந்தா... காட்டலாம்னு..." என்றார். அதற்கு மேல் மூச்சு இல்லை.

அவர் ஜன்னலோரம் சிக்னல் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே டாக்டர் முகம் போனில் வந்தது. காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். முப்பத்துநாலு. கிளிப்பில் 84. நேற்று இவருக்கு வந்த மாத்திரையைக் கொண்டுவந்து, அவர் சொன்ன அளவு கொடுத்தேன். தாங்கிப் பிடித்து மெஷினில் நிறுத்தினேன். 64.9.

"நேத்து 61.4ன்னு வந்திருக்கு. ஒரே நாள்ல மூணரை கிலோவா? நேத்து எப்போ பார்த்தீங்க?"

நான் சொன்னேன், "காலையில, டாக்டர்."

தையல்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பேச மூச்சில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

ஒன்பது நாற்பதுக்குப் படகு வந்தது.

அக்டோபர் 18, சனி

14ஆம் தேதி முட்டி வலி என்று எழுதியிருக்கிறேன். 15ஆம் தேதியும். வலிக்கவில்லை.

அவர் பேச்சு உறைத்தது, அதனால் போகவில்லை. நாலு நாள் வராவிட்டால் தெரியும் அவருக்கு என்று நினைத்தேன். யாரும் படிக்காத என் சொந்த நோட்டில்கூட முட்டி என்று எழுதினேன். யாரை ஏமாற்ற?

ஒரே எண்ணைப் போட்டால் எழுதிப்போட்டது தெரிந்துவிடும் என்று ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து... அதற்கெல்லாம் புத்தி வேலை செய்திருக்கிறது. படி ஏறத்தான் கால் வரவில்லை.

அந்தப் படகு இடம் அவருடையது. அவர் கட்டம் சீராக இருந்ததால் இவருக்கு வந்தது. தெரிந்து செய்யவில்லை. தெரிந்து செய்யவில்லை என்று எத்தனை தரம் எழுதினாலும் இவர் போய்வந்தார், அவர் மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தார்.

இவரிடம் சொன்னேன். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தப் படகுல ஏறியிருக்க மாட்டேன்" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். முட்டியைக்கூட. டாக்டரிடம் பொய் சொன்னதையும். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் "ஹலோ" என்றேன்.

"இருக்கேன்கா. அந்தப் படிவத்தை அப்படிப் பண்ணி வெச்சது நாங்க. அதுக்கு நாங்க பதில் சொல்லணும். ஆனா அந்த நம்பரை நீங்கதான் போட்டீங்க."

"ஆமா சிஸ்டர்."

"மேல சொல்லியாகணும்."

"சொல்லுங்க."

ஒரு வாரம் கடைக்காரர் அனுப்பட்டும் என்றார். மெஷினையும் கிளிப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பை மட்டும் ஆணியில் தொங்குகிறது. தையல்காரர் இன்னும் மூச்சு மெஷினில்தான் இருக்கிறாராம்.

அக்டோபர் 23, வியாழன்

மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, அது இனி பழையபடி ஆகாது. பிழைத்துக்கொண்டார் என்று பெரியம்மா சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டு, "நீ சமயத்துல போனதாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மாவிடமும் சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 27, திங்கள்

படிவம் திரும்ப என் கைக்கு வந்தது. திறந்தால் புதிதாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் ‘பார்க்கவில்லை’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினாலும் படிவம் போகும், ஆனால் மஞ்சளாகப் போகும். மஞ்சள் வந்தால் அங்கிருந்து ஆள் கூப்பிடுவார்கள்.

சிஸ்டர் மற்றத் தெருக்களையும் விசாரித்தாராம். பதினோரு தெருவில் நாலு பேர் இதே மாதிரி நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். அவர்கள் மழைக்காக விட்டிருப்பார்கள், காய்ச்சலில் விட்டிருப்பார்கள். கோபித்துக்கொண்டு விட்டவள் நான் ஒருத்திதான்.

நவம்பர் 3, திங்கள்

தையல்காரர் வந்துவிட்டார், நீர் வடிந்து, பாதியாக இளைத்து. மாடி ஏற நடுவில் மூன்று தரம் நின்றார். ஜன்னலிலிருந்து எண்ணினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். வரிசையாக, தேதி போட்டு, நோட்டில் இருக்கிறபடி. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கே தெரியும். டாக்டர் கேட்டப்போ உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க சொன்னது மனசுல தைச்சுடுச்சு அண்ணே. அதான் வரல."

நூலை விட்டுவிட்டார். "அந்த வேடிக்கைப் பேச்சுக்காகவா?"

தலையை ஆட்டினேன்.

"கண்ணளவுல தைக்கிறது எனக்கும் பழக்கம்தான் கணக்கம்மா" என்றார் நூலைத் திரும்ப எடுத்து. "சட்டைன்னா பிரிச்சுத் தைச்சிடலாம்."

மெஷினைத் தரையில் வைக்கப் போனேன். "எடுத்துட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 5, புதன்

தட்டினேன். திறக்கவில்லை. ‘பார்க்கவில்லை.’ மஞ்சள். அரை மணியில் சிஸ்டர் அவருடைய புது போனுக்கே கூப்பிட்டு, நாடா அளவு கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நவம்பர் 6, வியாழன்

‘பார்க்கவில்லை.’

நவம்பர் 7, வெள்ளி

‘பார்க்கவில்லை.’ இனி இந்தத் தெருவை யாருக்கும் உதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் பத்தொன்பது படி ஏறி, தட்டி, நின்று, இறங்கித்தான் அதை அழுத்துகிறேன்.

பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். அவன் மன்னித்துவிட்டால் என் பக்கம் பச்சை விழுந்துவிடும். அதுதான் எனக்கு வேண்டுமா? கேட்கவில்லை. அவர் கால் வீக்கம் குறைய வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

தட்டுமுன் கதவு திறந்திருந்தது. நாற்காலிமேல் அளவு நாடா. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். "ஒன்பதே கால்" என்று குரல் மட்டும் வந்தது. நாடாவைத் தொடவில்லை. நான் அளக்காததால் அவர் கட்டங்களில் ‘பார்க்கவில்லை’ என்றே போட்டு, அவர் சொன்னதைத் தனியாகக் குறிப்பில் எழுதினேன்.

நவம்பர் 12, புதன்

நேற்றிலிருந்து முட்டி வலி. நிஜமாகவே. வீங்கியிருக்கிறது, இவர் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

மாடி ஏறினேன். மெஷினைத் தரையில் வைத்தேன், எடுத்துப் போகச் சொல்லவில்லை. கண்ணை மூடாமல் நின்றேன். அவர் ஏறாமல் நின்று, "என்ன, வேண்டிக்கலையா?" என்றார். வேண்டிக்கொண்டேன். அதுவரை காத்திருந்து ஏறினார்.

எண்ணை அவரே குனிந்து படித்துச் சொன்னார். நான் பார்த்துவிட்டு எழுதினேன்.

57.8.