அவன் ஒப்பித்த வசனம்

மருமகளுக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறு வடித்து வைத்திருக்கிறேன், சாப்பிடு. என் மகன் கல்லறையில் கல் பதிக்க ஆள் வருகிறான், அங்கே போகிறேன். சாவி மீட்டர் பெட்டிமேல் இருக்கிறது. சபையார் துக்கம் விசாரிக்க முற்பகலில் வருவார்கள்.

நேற்று, “வந்தவங்க முன்னாடி அழாதேம்மா, நம்ம வீட்டு கௌரவம் என்னாகும்?” என்றேன். “அப்ப எங்க போய் அழறது, மாமா?” என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

உன் புருஷன் சிறுவயதில், ஞாயிறு பள்ளியில் எப்போதும் “இயேசு கண்ணீர் விட்டார்” என்றே ஒப்பிப்பான். அதுதான் இருப்பதிலேயே சின்ன வசனம். “சோம்பேறிப் பயலே, வேற கிடைக்கலையா?” என்பேன். “இதுவும் வேதம்தானேப்பா” என்பான்.

விடியற்காலையில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். அப்படியும் ஊரார் கூடி நிற்கையிலேயே அழுதார். பார்த்தவர்கள், இவனை எவ்வளவு நேசித்திருக்கிறார் என்றார்கள். நம் பிள்ளையோ எழுந்து வரமாட்டான்.

நீ கூடத்திலேயே உட்கார்ந்து அழு.

மாமா

பி.கு.: அவர்கள் இருக்கும்போது நான் திரும்பினால் கண் சிவந்திருக்கும். மாமாவுக்குத் தூசி விழுந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாதே.