வக்கீல் என்று கூப்பிட்ட பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், இப்போதைக்கு என் கவலை அது ஒன்றுதான்.

"உண்டாகியிருக்கேன்னு சொன்னா ஒரு சந்தோஷம் வேணாமாம்மா, எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவுன்னு நர்ஸ் மாதிரியே கேக்கறியே" என்று போனில் அழுதாய். நியாயம்தான். அன்று மத்தியானம்தான் எங்கள் வார்டில் வக்கீல் இறந்துபோனான். குறைமாதப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டி நம்பர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு மனசு வராது, பேர் வைக்காததுகளுக்கெல்லாம் நாங்களே ஒரு பட்டப்பேர் வைத்துவிடுவோம். ஊசியை எடுத்தாலே இவன் காலை உதறி வாதாடுவான், அதனால் வக்கீல். அவன் அப்பா, "பிழைச்சு வரட்டும் சிஸ்டர், அப்புறம் பேர் வைக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் குழாயை எடுத்து, அலாரத்தை அணைத்து, அவனை அவன் அம்மா மடியில் வைத்தேன். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. நான்கு பேர் பார்க்க வேண்டிய அறைக்கு இரண்டு பேர் இருந்தால் எங்கே உட்காருவது? அடுத்த பெட்டியில் மணி அடித்தது, ஓடினேன், திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வாசலுக்குப் பளிங்கு போடக் காசு இருக்கிறது, ஆள் போடத்தான் இல்லையாம். மேலே போய்க் கேட்டால் "சேவை மனப்பான்மை வேணும்மா" என்கிறார்கள். ஒரு ஷிப்ட் வந்து செய்து பார்க்கட்டும் அந்தச் சேவையை.

துணியில் சுற்றும்போது அந்தப் பெண், "நீங்கல்லாம் இவனை என்னன்னு கூப்பிட்டீங்க சிஸ்டர்" என்று கேட்டாள். கூச்சத்தோடு சொன்னேன். சிரித்துவிட்டாள். அப்புறம் அவன் காதருகே குனிந்து "வக்கீல் சார்" என்று கூப்பிட்டாள். கூப்பிட அவளிடம் வேறு பேர் இல்லை.

அந்தக் கையோடு வீட்டுக்கு வந்துதான் உன் போனை எடுத்தேன். சந்தோஷம் இல்லாமல் இல்லையடி, நல்லபடியாகப் பிறக்கிற பிள்ளைகள் எங்கள் கதவுக்குள் வருவதில்லை, எனக்குப் பழக்கமெல்லாம் மற்றதுகளோடுதான். உன் பிரசவத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன், ஆளில்லை என்று இழுக்கிறார்கள். தராவிட்டாலும் வருவேன், வேலையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, மாடிப்படியில் பார்த்து இறங்கு.

நீயும் பிள்ளையும் நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, பேரை இப்போதே யோசித்து வை. பிறந்ததும் கூப்பிட்டுவிடு, எதற்கும் காத்திருக்காதே.

கால் வலியோடு,
உன் அம்மா