வெள்ளி நிறத்தில் பிறந்த குட்டி

என் செல்ல நைனா,

நம் குதிரை ராணி குட்டி போட்டுவிட்டாள். பொட்டைக் குட்டி. நீ இருந்திருந்தால் மயிலாப்பூர் மாடவீதி வரைக்கும் போய்த் தமுக்கடித்திருப்பாய். நான்தான் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் பிறந்தது. ஆற்றோரக் கொட்டகையில் அம்மாவும் சித்தப்பாவும் நானும்தான் இருந்தோம். சித்தப்பா குட்டியைத் துடைத்துவிட்டு அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். உடம்பு முழுக்க வெள்ளி நிறம். வெயில் பட்ட இடத்தில் லேசாக ஊதா ஓடியது.

உனக்குச் சொல்ல வேண்டுமா? வெள்ளைக் குதிரையின் குட்டி கறுப்பாகவோ பழுப்பாகவோதான் பிறக்கும். அது வெளுத்து, மாப்பிள்ளை அழைப்புக்குத் தேறி வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். ராஜா அண்ணாமலைபுரத்து மண்டபக்காரர்கள் வெள்ளைக் குதிரை தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மற்றவை கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்க மட்டும்தான்.

"இன்னா கலர் பாத்தியா தேவி! பொறக்கும்போதே மாப்ள ஊர்வலத்துக்கு ரெடியா வந்துகீது!" என்று சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"வாய வெச்சித் தொலைக்காதய்யா," என்று அம்மா அவரை அடக்கிவிட்டு, தன் பழைய புடவையை எடுத்துக் குட்டி தெரியாமல் குறுக்கே கட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதானே? "குட்டி பொறந்தா யார் கண்லயும் காட்டாதீங்க." மனுஷனுக்கு எவ்வளவு பெருமை பார் என்று நாங்கள் அப்போது சிரித்தோம்.

குட்டி எழுந்திருக்கவில்லை நைனா. எழுந்திருப்பது என்ன, குப்புறப் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. தலை பின்பக்கமாக வளைந்து முதுகில் முட்டியது. நாலு காலும் விறைத்துக்கொண்டு காற்றில் ஓடின. ஆனால் புட்டியில் பாலைக் கறந்து கொடுத்தால் சப்பி சப்பிக் குடித்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்துபோனோம். கால் பலவீனம் என்று அம்மா நல்லெண்ணெய் தேய்த்தாள். சித்தப்பா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன். "அண்ணன் யாருக்கும் காட்டாதன்னு சொல்லிகீதே" என்று சித்தப்பா சொல்ல, அம்மாவும் அதே பாட்டைப் பாடினாள். நானும் அடங்கிப்போனேன்.

மறுநாள் வலிப்பு வந்தது. அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. அடையாறிலிருந்து டாக்டரம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தம்மா புடவைத் தடுப்பை விலக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கண்ணில் டார்ச் அடித்தார்கள், கழுத்தைத் தடவினார்கள். பிறகு, "அப்பன் குதிரை எது? ரெண்டும் சொந்தமா?" என்று கேட்டார்கள்.

சித்தப்பாவுக்கு அப்போதும் பெருமைதான். "ஆமா மேடம், அரபு ரத்தம். எங்க சுல்தானுக்கு ராணி முறைப்பொண்ணு. ராணியோட அப்பனும் சுல்தானோட ஆத்தாவும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. வெளிய குடுக்கக் கூடாதுன்னு அண்ணந்தான் சேத்து வெச்சிச்சி."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். "இது பிறவியிலேயே வர்ற நரம்புக் கோளாறும்மா. அப்பா, அம்மா ரெண்டுக்கும் வெளியில ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் ஓடும். ரெண்டுகிட்டயும் ஒளிஞ்சிருக்கிற குறை குட்டிகிட்ட ஒண்ணு சேர்ந்தா இப்படி ஆயிடும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பறேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல. இந்தக் கலர்தாம்மா அடையாளம். நரம்பைக் கெடுத்ததுதான் ரோமத்தையும் இப்படி வெளுக்க வெச்சிருக்கு."

எந்த நிறத்தைப் பார்த்து நாங்கள் குதித்தோமோ, அந்த நிறமே நோயாம். குணமாகுமா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இன்னும் ஒன்றிரண்டு நாள் துடிக்கவிடலாம், இல்லையென்றால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம். அம்மா கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டாள். போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அது என் விரலைச் சப்பியது நைனா.

அதற்கு மேல் அதிர்ச்சி ஒன்றும் பாக்கியில்லை என்றுதான் நினைத்தேன். குழி தோண்டும்போது சித்தப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். "போன தடவையும் இதே கலரு, இதே இழுப்பு," என்றார்.

எந்தத் தடவை? நானும் அம்மாவும் தங்கச்சி பிரசவத்துக்கு நங்கநல்லூர் போயிருந்தபோது, ராணிக்குக் குட்டி செத்தே பிறந்தது என்று போனில் சொன்னாயே, அந்தத் தடவையாம். குட்டி மூணு நாள் உயிரோடு துடித்ததாம். கல்யாண புரோக்கர் ஒருத்தர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனாராம். அவர் கண்தான் பட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாயாம். அதனால்தான் இந்தத் தடவை யார் கண்ணிலும் படாமல் பெற்றெடுக்கச் சொன்னாயா? அதே சுல்தானோடு திரும்பவும் சேர்த்துவிட்டு?

ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கக் கூடாதா? எங்களிடமாவது? மூணு நாள் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தவன், மறுபடி எப்படி நைனா துணிந்தாய்? நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தக் கொட்டகையில் நீ யாரிடமும் சொல்லாமல் அழுதிருப்பாய் என்று நினைத்தால் அந்த ஆத்திரமும் நிலைக்க மாட்டேன் என்கிறது.

ராணி தீனி எடுக்கிறாள். பால் கட்டிக்கொண்டதால் தொட்டாலே உதறுகிறாள். புடவை கட்டியிருந்த மூலையை முகர்ந்து முகர்ந்து கனைக்கிறாள்.

சித்தப்பா நேற்று மெல்ல ஆரம்பித்தார். "வெளிய சொல்லாதம்மா. சுல்தான்கிட்ட சினைக்கு எவனும் குதிர இட்டாரமாட்டான். செத்துப்போன மனுசன் பேரும் கெட்டுப்பூடும்." உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். ராணி இனி சுல்தான் பக்கம் போக மாட்டாள். கடற்கரையில் குதிரை வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் போய்ச் சொல்வேன். கண் பட்டு வந்ததில்லை, சொந்தத்தில் சேர்த்ததால் வந்தது என்று சொல்வேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எங்கள் நைனா இப்படி ஒரு குட்டியை எங்களுக்குத் தெரியாமல் புதைத்தார், இன்னொன்றை நான் புதைத்தேன் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் உன் மானத்தைக் காப்பாற்ற மாட்டேன் நைனா.

உன் மேல் கோபமும் ஆறாமல், உன்னை விடவும் முடியாமல்,
உன் மூத்த மகள்
தேவி