கடலூருக்குத் தாமதமாக வந்த சமாதானம்

ஜூன் 14, 2003, சனி. ரிச்சர்ட்சன், அமெரிக்கா.

1783 ஜனவரி 20 அன்றே வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் முதற்கட்ட சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. ஆதாரம்: பல்கலைக்கழக நூலகத்தில் படித்த உடன்படிக்கை வாசகம். கடலூரில் அவர்கள் மோதியது ஜூன் 13. தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை இதுதான்.

பக்கத்து வீட்டு அன்வர் பாட்சாவிடம் சொன்னேன். கடலூர்க்காரர். "அப்போ எங்க ஊர்ல செத்தவனெல்லாம் எதுக்கு சார் செத்தான்? கப்பல் லேட்டுன்னா?" என்று சிரித்தார்.

மகள் இன்ஷாவைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. அவளே பார்த்துக்கொண்ட பையன். 27ஆம் தேதி ஜும்மா தொழுகை முடிந்து, அவள் இருக்கும் மேற்குக் கரை டப்ளினில் நிக்காஹ். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சபையில் சொல்ல வேண்டியவர் அப்பா. "வரமாட்டேன்னு சொல்லியாச்சு சார்."

ஜூன் 19.

கட்டுரை எங்கே என்று சங்கத்திலிருந்து போன். இன்னும் இல்லை.

ஜூன் 25, புதன்.

அன்வர் கார் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "அவ ஒரு வார்த்தை கூப்பிட்டா போயிடுவேன் சார். நானா போன் பண்ண மாட்டேன்." குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொல்லச் சொன்னாரா, புலம்பினாரா? மனம் கொதிக்கும்போது ஒருவர் சொன்னதை, ஆறிய பிறகு மறுபடி கேட்காமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. நாளை கேட்டுக்கொண்டு இன்ஷாவிடம் பேசலாம்.

ஜூன் 26.

அன்வர் வேலையாக ஹூஸ்டன் போயிருக்கிறார். போனை எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி.

மதியம் மூன்று மணிக்கு மேல் அவரே கூப்பிட்டார். "என்ன சார், சொன்னீங்களா? என்ன சொன்னா?"

உடனே இன்ஷாவுக்குப் போட்டேன். போனை அணைத்து வைத்திருந்தாள். அங்கே ஜும்மா நேரம், பள்ளிவாசலில் இருந்திருப்பாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். அன்வர் சொன்னதைச் சொன்னேன். "அத்தாவுக்குத் தம்பிங்கிற முறைல பாசில் சாச்சாதான் அவங்க இடத்துல உக்கார்ந்தார் அங்கிள். அத்தா எப்ப சொன்னாங்க?"

"புதன்கிழமை."

"வெட்னஸ்டேயா? நான் கூப்பிட்டிருப்பேனே அங்கிள்..."

போனை வைத்துவிட்டு என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்யா காத்திருந்தே? யார் கேட்டா உன்கிட்ட ஆதாரம்?

ஜூன் 28.

அன்வர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கப்பல் லேட்டு சார்" என்றார்.

ஜூன் 30.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். சென்னையிலிருந்து வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் சமாதானச் செய்தியோடு கடலூருக்கு வந்தது ஜூன் 29. அதற்குள் தரையிலும் கடலிலும் சண்டை நடந்து முடிந்திருந்தது. இதற்கு இரண்டு ஆதாரங்கள் இருக்கின்றன.

அன்வர் வரும் சனிக்கிழமை, டப்ளினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓக்லண்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். விமான நிலையத்துக்கு இன்ஷா வருவாளா என்பது தெரியவில்லை. வியாழனுக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள், அதுவும் என்னிடம்தான். வருவேன் என்றாலும் மாட்டேன் என்றாலும், போனை வைத்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன்.